நீர்க்கட்டும் நீர்க்கட்டியும்

தண்டுவடத்தை அழுத்தும் நீர்க்கட்டிகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையின் நுட்பத்தையே விரித்துரைக்கின்றனர். அந்நுட்பம் நம் நாட்டிற்குப் புதியதன்று. கேரளத்தவரான டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ஆம் ஆண்டில் வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். மறு ஆண்டில் டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னைப் பொது மருத்துவமனையில் அப்பணியை மேற்கொண்டார். நோயாளி உரிய காலத்தில் அத்தகைய இடங்களைச் சென்றடையாமையே இன்றுள்ள குறை. அதற்குச் சொற்களும் ஒரு காரணம் என்பது எம் கருத்து.

முதிர்ந்தோரின் தண்டுவடம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளமும் சுண்டுவிரற் பருமனும் உடையது. அதைச் சூழ்ந்த மூன்று உறைகளுள் நடுவிலுள்ள சிலந்திவலை உறை சிலரிடம் ஒரு பையாகப் பிதுங்குகிறது. இருமும்போதும் முக்கும்போதும் தண்டுவட நீர் அதனுட் புகும். வால்வு போன்ற வாயில் அதனை எளிதில் திரும்ப விடாது. பை பெருக்கும், எலும்புக் குழலுக்குள் நெருக்குண்பது தண்டுவடமே. நாயின் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழுவின் முட்டையாலும் முதுகெலும்பில் பைகள் தோன்றுவதுண்டு, அவை அரியன.

முதற் குறிகள் எளியவை: கால் மரத்தல், படியேறுங்கால் தடுமாற்றம், நடக்கையில் செருப்புக் கழன்று விழுதல். விழுந்ததை அறியாமலே ஒரு மாணவன் நடந்து செல்வானாயின், உணர்ச்சியும் குன்றியதென ஆசிரியர் ஐயுறலாம். தேயிலைத் தோட்டங்களில் சுமையுடன் சரிவில் ஏறி இறங்கும் பெண்கள் இதனை வேலைக் களைப்பென்றே கொள்வர். வாதமென்று எண்ணெய் தேய்ப்பாருமுண்டு. மாதங்கள் கழிந்துவிடும்.

பாலக்காட்டுச் சித்தூர்ப் பகுதியிலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு மலைகளிலும், தமிழ் பேசும் நோயாளி மலையாளம் பேசும் மருத்துவரை அடைகிறார். தமிழில் நீர்க்கட்டு என்பது சிறுநீர் அடைப்பு. மலையாளத்திலோ, ஏறத்தாழ அதே ஒலியுடைய நீர்க்கெட்டு என்பது வீக்கம். கால் தளர்ந்த ஒருவர் ‘நீர்க்கட்டு’ என்று கூற, அது கால்வீக்கமெனக் கொள்ளப்படின் விளையும் தீங்கு சிறிதன்று. தண்டுவட அழுத்தத்தில் சிறுநீர் அடைபடுதல், நோயாளியை அன்றே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய அபாயக் குறியாகும்.

இனி நீர்க்கட்டி. புற்றுக்கும் சீழுக்கும் ‘கட்டி’ என்றே வழங்குவதால், அச்சொல்லைக் கேட்டவுடன் நோயாளி உயிர் போயிற்றென அஞ்சுகிறார். கலைச்சொற் பட்டியலுக்கு அது பொருந்தலாம். நீர்ப்பை எனச் சுருக்கினாலோ சிறுநீர்ப்பையென மயங்குவர். ஆதலின் ‘முதுகெலும்பினுள் நீர் தேங்கிய பை’ என விரித்துரைத்தலே தக்கது. மூன்று சொற்கள் கூடுதலாகச் செலவாவதில் நட்டமில்லை.

பையின் இடத்தைக் காந்த ஒத்ததிர்வுப் படம் காட்டும். மருத்துவர் முள்ளெலும்பின் பின்வளைவை நீக்கி, பையை எடுத்து, வாயிலைத் தைத்து மூடுவார். தண்டுவடத்தோடு ஒட்டிய சுவரைப் பிய்த்தெடுக்காமல், திறப்பு அமைத்து நீரை வடியச் செய்தலுமுண்டு. புழுவாலான பையாயின் உடையாது எடுத்தல் வேண்டும். நடக்க இயலும் நிலையில் வந்தோர் பெரும்பாலும் தேறுவர். நெடுநாள் முடங்கியபின் வந்தோர்க்கு அத்தகைய உறுதி கூற இயலாது.

களப்பணியாளர் அனுப்பும் சீட்டில், கால் தளர்ச்சி எந்நாளில் தொடங்கியது, இடுப்புக்குக் கீழ் உணர்ச்சி எவ்வாறுள்ளது, மூத்திரம் தடையின்றிப் போகிறதா என்பனவற்றை எழுதுக. மூத்திரம் என்ற சொல் இரு மொழிக்கும் பொதுவாதலின், நாகரிகம் கருதி அதனைத் தவிர்க்க வேண்டா.