எண்ணும் முதலெழுத்தும்: ஒரு புதிரும் ஒரு பொய்யும்

பல ஆண்டுகளுக்கு முன்பு நானும் நண்பர் ஒருவரும் சென்னையில் ஒரே நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். சேர்ந்த புதிதில் நடந்த பயிற்சி வகுப்பொன்றில் எங்கள் முன் ஒரு நகல்தாள் வைக்கப்பட்டது. அதில் 24 வரிகள். ஒவ்வொரு வரியிலும் இடப்புறம் ஓர் எண், நடுவில் சமக்குறி, வலப்புறம் சில ஆங்கில முதலெழுத்துகள். ‘26 = எல் ஆஃப் தி ஏ’ என்று இருந்தால், நெடுங்கணக்கின் 26 எழுத்துகள் என்னும் பொருள்பட ‘லெட்டர்ஸ் ஆஃப் தி ஆல்ஃபபெட்’ என்று விரிக்கவேண்டும். இருபது நிமிட அவகாசம். நான் 15 வரிகளை விடுவித்தேன். நண்பர் 7. பயிற்சியாளர் மதிப்பெண்களை உரக்க வாசித்துவிட்டு, பத்துக்குக் கீழே எடுத்தவர்களுக்கு மனநெகிழ்வும் படைப்பூக்கமும் குறைவு என்று அறிவித்தார். நண்பர் அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

தஞ்சைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் தமிழ்வழியில் படித்தவர் அவர். சங்கப் பாடலின் ஓரடியைச் சொன்னால், திணையையும் துறையையும் பாடியவர் பெயரையும் சொல்லக்கூடியவர். அவருக்குப் படைப்பூக்கம் இல்லை என்று ஒரு நகல்தாள் சொன்னது. அறையில் இருந்த எவரும் மறுக்கவில்லை. 15 எடுத்த நானும் மறுக்கவில்லை. இந்தக் கட்டுரை தாமதமாக வரும் அந்த மறுப்பு.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நான் புதிர்களுக்கு எதிரியல்ல. விடுகதையும் சித்திரகவியும் விளைந்த மொழியில் எழுதுகிறவன் புதிரை வெறுக்க முடியாது. என் எதிர்ப்பு, புதிரை அளவுகோலாகத் தூக்கிப் பிடிப்பவர்களிடம்.

இந்தத் தாளின் வரலாறு சுவையானது. அமெரிக்காவின் ‘கேம்ஸ்’ இதழில் 1981ஆம் ஆண்டு மே-ஜூன் இதழில் வில் ஷார்ட்ஸ் இதை ‘சமன்பாட்டுப் பகுப்பாய்வுச் சோதனை’ என்னும் பெயரில் வெளியிட்டார். பின்னர் 1993 முதல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் குறுக்கெழுத்துப் பகுதிக்கு ஆசிரியரானவர் இவர்தான். இவ்வகைப் புதிரின் முன்னோடியாக மார்கன் வொர்த்தி என்னும் உளவியலாளர் 1975இல் வெளியிட்ட நூலையும் குறிப்பிடுவார்கள். ஷார்ட்ஸின் பக்கத்தை யாரோ ஒருவர் மறுபடி தட்டச்சு செய்து, ஆசிரியர் பெயரை மட்டும் நீக்கிவிட்டு நகலெடுத்துப் பரப்பினார். அது அலுவலகம் அலுவலகமாகக் கைமாறியது. கூடவே ஒரு முன்னுரையும் பயணம் செய்தது. இது அறிவுத்திறனையோ கணிதத் திறனையோ அளப்பதல்ல, மனநெகிழ்வையும் படைப்பூக்கத்தையும் ஓரளவு காட்டுவது என்பது அதன் சாரம். விளையாட்டிதழ் ஒன்றில் புன்னகையோடு வாசிக்கப்பட வேண்டிய வாக்கியம் அது. எழுதியவர் பெயர் உதிர்ந்ததும் புன்னகையும் உதிர்ந்துவிட்டது. பெயரற்ற தாள் அறிவியலின் தோரணையை எடுத்துக்கொண்டது.

இந்தப் புதிரை எப்படி விடுவிக்கிறோம் என்று நிதானமாக யோசித்துப் பார்ப்போம். ‘64 = எஸ் ஆன் எ சி’. இதில் ‘ஆன்’ என்னும் இடைச்சொல்லும் ‘எ’ என்னும் சுட்டும் முழுதாக விடப்பட்டிருக்கின்றன. ஏதோ ஒன்றின் மேல் இருக்கும் அறுபத்து நான்கு என்று அவை சொல்லிவிடுகின்றன. சதுரங்கம் ஆடியவர் மனத்தில் எண்ணைப் பார்த்த கணத்திலேயே கட்டங்கள் விரிந்துவிடும். முதலெழுத்துகள் அதை உறுதிசெய்ய மட்டுமே. இடைச்சொற்கள் எலும்புக்கூடு, எண் திறவுகோல், முதலெழுத்து சாட்சி. இங்கே எதுவும் படைக்கப்படுவதில்லை. ஏற்கனவே உள்ளே இருப்பது வெளியே எடுக்கப்படுகிறது, அவ்வளவுதான். உள்ளே இல்லாதவருக்கு எந்த நெகிழ்வும் உதவாது.

தாளை ஓரமாக வைத்தபின், குளிக்கும்போதோ பேருந்தில் போகும்போதோ சட்டென்று விடை வருகிறதே, அது படைப்பு மனத்தின் பாய்ச்சல் இல்லையா என்று கேட்பார்கள். அந்தக் கணத்தின் இன்பத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் மறந்துபோன பள்ளித்தோழன் பெயரும் அதே பேருந்தில்தான் நினைவுக்கு வருகிறது. அதைப் படைப்பூக்கம் என்று யாரும் சொல்வதில்லை.

இப்போது தாளின் உள்ளடக்கத்துக்கு வருவோம். அமெரிக்கக் கொடியின் 13 பட்டைகள். மோனோபொலி ஆட்டத்தில் தொடக்கக் கட்டத்தைக் கடந்தால் கிடைக்கும் 200 டாலர். அந்நாட்டு அஞ்சல் குறியீட்டின் 5 இலக்கங்கள். நீர் உறையும் 32 பாரன்ஹீட் பாகை. ஆங்கிலக் குழந்தைப் பாடலின் 3 குருட்டு எலிகள். நம் பள்ளிப் பிள்ளைக்கு நீர் உறைவது சுழியத்தில். நம் அஞ்சல் குறியீட்டில் 1972 முதல் 6 இலக்கங்கள். இவற்றை அறிந்திருப்பது நெகிழ்வு, அறியாதிருப்பது இறுக்கம் என்றால், நெகிழ்வு என்பதற்கு அமெரிக்க நடுத்தர வீட்டின் வரவேற்பறை என்றுதான் பொருள்.

இவற்றுள் உச்சம் ‘57 = எச் வி’. ஹெயின்ஸ் நிறுவனத்தின் 57 வகைகள் என்பது விடை. 1896இல் ஹென்றி ஹெயின்ஸ் இந்த விளம்பர வாசகத்தைத் தேர்ந்தபோதே அவர் நிறுவனம் அறுபதுக்கும் மேற்பட்ட பண்டங்களைத் தயாரித்துக்கொண்டிருந்தது. எண் கவர்ச்சியாக இருந்தது, வைத்துக்கொண்டார். உண்மையிலேயே எண்ணிப் பார்த்தவனுக்குக் கிடைக்காத விடை இது. விளம்பரத்தை நம்பியவனுக்கு மட்டுமே கிடைக்கும். இதைவிடக் கச்சிதமாக இந்தச் சோதனையை வேறு யாரும் அம்பலப்படுத்திவிட முடியாது.

இன்னொரு சான்று வானத்திலிருந்து வந்தது. ‘9 = பி இன் தி எஸ் எஸ்’, சூரியக் குடும்பத்தின் ஒன்பது கோள்கள். 2006 ஆகஸ்டில் பன்னாட்டு வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் குறுங்கோள் என்று வகைமாற்றியதும் கோள்கள் எட்டாயின. 1981இன் ‘படைப்பூக்கம்’ ஒரே நாளில் காலாவதியாகிவிட்டது. ஒரு தீர்மானத்தால் தவறாகிப்போகக்கூடியது தகவல் மட்டுமே. திறன் அப்படித் தவறாவதில்லை.

இதன் மறுதலையைப் பார்க்கலாம். ‘99 = கு ம’. இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களில் பலர் இதற்குள் விடையைச் சொல்லியிருப்பார்கள்: குறிஞ்சிப்பாட்டின் மலர்கள். தலைவியும் தோழியும் பறித்துக் குவித்ததாகக் கபிலர் மூச்சுவிடாமல் அடுக்கிச் செல்லும் பூப்பெயர்கள். என் நண்பர் 99 பெயர்களையும் வரிசை பிசகாமல் சொல்லுவார். இதே வரியைத் தேர்ந்த அமெரிக்கப் புதிர் வல்லுநர் ஒருவரிடம் நீட்டி, அவர் விழித்ததும், ‘உங்களுக்கு மனநெகிழ்வு போதாது’ என்று சொன்னால் அது எவ்வளவு பெரிய மூடத்தனம்? அதே மூடத்தனம் எதிர்த்திசையில் நிகழ்ந்தால் மட்டும் நவீன மேலாண்மை ஆகிவிடுகிறது.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். இந்தப் புதிரின் வடிவமே ஆங்கிலத்தின் உடலமைப்பில் பிறந்தது. அங்கே முன்னிடைச்சொற்கள் தனித்து நிற்பதால் எலும்புக்கூட்டை அப்படியே விட்டுவைக்க முடிகிறது. தமிழில் வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டியவை. முதலெழுத்தை மட்டும் வைத்தால் ‘இன்’னும் ‘இல்’லும் சேர்ந்தே மறைந்துபோகும். எலும்பு போய்விடும். ஈடாக வேறொன்று கிடைக்கிறது. ஆங்கில முதலெழுத்து வெறும் மெய்யாக நிற்கும்போது நம் ‘கு’ உயிரையும் ஏந்தி வருகிறது. எல்லா எழுத்தும் நம்மிடம் மொழிமுதல் ஆவதில்லை என்னும் இலக்கண விதியும் துணைக்கு வரும். ஆகவே தமிழில் இது வேறு விளையாட்டு, வேறு சுவை. இதை ஆராய்ந்து நமக்கென்று புதிர்கள் செய்வது பயனுள்ள வேலை. ஒரு நகல்தாளின் முன் தலைகவிழ்ந்து நிற்பது அடிமை வேலை.

‘இது வெறும் விளையாட்டு, இவ்வளவு கோபம் எதற்கு’ என்று கேட்கக்கூடும். விளையாட்டாகவே இருந்திருந்தால் கோபத்துக்கு இடமே இல்லை. நண்பர்கள் நான்கு பேர் தேநீர்க்கடை பெஞ்சில் உட்கார்ந்து இதை விடுவிக்கும்போது, ஒருவருக்குத் தெரியாதது இன்னொருவருக்குத் தெரிந்திருக்கும். எழுத்துகள் ஒவ்வொன்றாக விரியும். பகிர்ந்த நினைவின் கொண்டாட்டம் அது. அதே தாளைத் தனித்தனியாகக் கொடுத்து, கடிகாரம் வைத்து, மதிப்பெண்ணை உரக்க வாசிக்கும்போது அது சுங்கச்சாவடி ஆகிவிடுகிறது. எந்த வீட்டுப் பரணில் என்ன புத்தகம் இருந்தது என்பதற்கு அங்கே வரி வசூலிக்கப்படுகிறது. என் 15இல் ஐந்தாவது என் மாமா வீட்டுப் பரணில் கிடந்த பழைய ரீடர்ஸ் டைஜஸ்ட் கட்டிலிருந்து வந்தவை. என் சொந்த ஊக்கம் அதில் எதுவுமில்லை.

இப்புதிருக்கு பிரிட்டனில் வழங்கும் பெயர் ‘டிட்லாய்ட்’. டெய்லி எக்ஸ்பிரஸ் நாளிதழ் வைத்த பெயர் அது. அப்படி ஒரு சொல் எந்த அகராதியிலும் இருந்ததில்லை. ‘1 = டிஐடிஎல்ஓஐடி’ என்னும் புதிரின் எழுத்துகளைச் சேர்த்து வாசித்ததில் பிறந்தது. விடை, சோல்செனித்சின் எழுதிய நாவலின் ஆங்கிலத் தலைப்பு: இவான் தெனிசோவிச்சின் வாழ்வில் ஒரு நாள். 1962 நவம்பரில் ‘நோவி மிர்’ இதழில் வெளியான, ஸ்டாலின் காலத்து வதைமுகாமைப் பற்றிய நாவல்.

அந்த நாவலுக்கு ஆசிரியர் முதலில் வைத்திருந்த தலைப்பு வேறு: ‘ஷ்ச-854’. கைதி தன் உடையில் தாங்கித் திரிந்த அடையாளம் அது. ஓர் எழுத்து, ஓர் எண். முகாம் ஒரு மனிதனை இவ்வளவாகச் சுருக்கியிருந்தது. அச்சேறியபோது தலைப்பு மாறியது. பெயரோடு தந்தை பெயரையும் சேர்த்து, ருஷ்யர்கள் மரியாதையாக அழைக்கும் முறையில், அந்தக் கைதி ‘இவான் தெனிசோவிச்’ ஆனான். எழுத்தையும் எண்ணையும் விரித்து உள்ளிருக்கும் மனிதனை வாசகன் முன் நிறுத்துவது அந்த நாவலின் வேலை. அந்தத் தலைப்பை மீண்டும் எழுத்தும் எண்ணுமாகச் சுருக்கிய புதிருக்கு அதன் பெயரே வாய்த்தது தற்செயல்தான். ஆனால் எங்கள் வகுப்பறையை நினைக்கும்போது அதைத் தற்செயல் என்று என்னால் கடந்துபோக முடியவில்லை. அன்று நண்பரின் பெயருக்கு எதிரே எழுதப்பட்டது ஓர் எண் மட்டுமே.

முகாமையும் பயிற்சி வகுப்பையும் நான் ஒப்பிடவில்லை. அது அங்கே செத்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. நான் சொல்வது சிறிய விஷயம். சுருக்குவது எளிது, யாரும் செய்யலாம். விரிப்பதற்குத்தான் மனிதனை அறிந்திருக்க வேண்டும்.

நண்பர் சில மாதங்களில் அந்த வேலையை விட்டுப் போனார். நான்காக மடித்த அந்தத் தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. பின்பக்கத்தில், மீதியிருந்த நிமிடங்களில், அவர் எழுதிவைத்த ஒரே ஒரு வரி: ‘99 = கு ம’. பயிற்சியாளர் தாளைத் திருப்பிப் பார்க்கவே இல்லை.