வாய்பாட்டுக்கு வேலி இடலாமா?

மாலை வேளையில் கெலவரப்பள்ளி அணையின் கரையில் நின்று நீர்ப்பரப்பை நோக்குங்கள். ஓர் அலையைப் போல் மற்றோர் அலை இல்லை. ஆயினும் யாவும் ஓர் ஒழுங்குக்குள்ளேயே அசைகின்றன. கணினி விளையாட்டில் இதே காட்சியைக் காட்டுபவை நீங்கள் வகுப்பில் பயிலும் சைன், கொசைன் சார்புகளே. கிருஷ்ணகிரிப் பாறைக்குன்றுகளை ஒத்த மலைகள் திரையில் எழுவதும் வாய்பாடுகளால்தான். அத்தகைய வாய்பாட்டை ஒருவர் தமக்கே உரியதெனக் காப்புரிமை பெறலாமா? கூடாது என்பதே என் கருத்து.

நம் நாட்டுச் சட்டமும் பெரும்பாலும் இதே பக்கம் நிற்கிறது. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, கணித முறையையும் நெறிமுறையையும் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. கணினி நிரலும் ‘அதன் அளவில்’ கண்டுபிடிப்பு ஆகாது. 2004ஆம் ஆண்டின் இறுதியில் வந்த அவசரச் சட்டம் நிரல்களுக்கு மட்டும் கதவைச் சற்றே திறந்தது; 2005இல் நாடாளுமன்றம் அதை மூடிவிட்டது. ஆனால் ‘அதன் அளவில்’ என்னும் இரு சொற்கள் வழக்கறிஞர்களுக்கு இன்றும் வேலை கொடுக்கின்றன. தொழில்நுட்ப விளைவு உடைய நிரலை இப்பிரிவு தடுக்காது என்னும் கருத்தைத் தில்லி உயர்நீதிமன்றம் 2019இல் வெளியிட்டது.

அமெரிக்காவில் நிகழ்ந்ததைக் காண்போம். கென் பெர்லின் என்னும் பேராசிரியர், மேகம், பளிங்கு, மலை போன்றவற்றின் ஒழுங்கற்ற தோற்றத்தைக் கணினியில் உருவாக்கும் ஒரு சார்பை 1980களில் வகுத்தார். அது ‘பெர்லின் இரைச்சல்’ எனப்பட்டது. அதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை, உலகமே எடுத்தாண்டது. 1997இல் ஆஸ்கர் அமைப்பின் தொழில்நுட்ப விருதும் அவரைத் தேடி வந்தது. பின்னர் அவர் உருவாக்கிய மேம்பட்ட வடிவமான ‘சிம்ப்ளெக்ஸ் இரைச்சல்’ தொடர்பான முறைக்கோ 2005இல் காப்புரிமை வழங்கப்பட்டது. விளைவு யாது? விளையாட்டு உருவாக்குவோர் அதைத் தொட அஞ்சினர். 2014இல் ‘ஓப்பன் சிம்ப்ளெக்ஸ்’ என்னும் மாற்று வழியையே ஒருவர் புதிதாக வகுக்க நேர்ந்தது. அக்காப்புரிமை 2022இல்தான் காலாவதியாயிற்று. காப்புரிமையின் காலம் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். பதினாறு வயதில் ஒரு வாய்பாட்டைப் பயன்படுத்த விரும்பும் நீங்கள், முப்பத்தாறு வயது வரை காத்திருக்க வேண்டியிருக்கும்!

உழைத்தவருக்குப் பயன் வேண்டாவா என்று கேட்பீர்கள். வேண்டும், அக்கேள்வியில் நியாயம் உண்டு. 1981இல் அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் முன் வந்த டீர் வழக்கில், அச்சுக்குள் ரப்பரைப் பதப்படுத்தும் முறை ஆராயப்பட்டது. அர்ரீனியஸ் சமன்பாட்டின் துணையால் நேரத்தைக் கணித்து, உரிய கணத்தில் அச்சைத் திறக்கும் முறை அது. அம்முறை காப்புரிமைக்குத் தகுதி பெற்றது. சமன்பாடோ எல்லார்க்கும் பொதுவாகவே நின்றது. எல்லையை இவ்விடத்தில் வகுப்பதே தகும். அனிமேஷன் பாத்திரங்களின் உதட்டசைவைப் பேச்சோடு பொருத்தும் விதிகளும் காப்புரிமைக்குத் தகுதியுடையவையே என அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2016இல் கூறியதை என் மனம் ஏற்கவில்லை. அங்கே ரப்பரும் இல்லை, அச்சும் இல்லை. எண்களே எண்களாக மாறுகின்றன.

நீங்கள் ஒரு விளையாட்டை உருவாக்கினால், அதன் நிரலையும் ஓவியத்தையும் இசையையும் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் காக்கும். அதற்குப் பதிவுகூடக் கட்டாயமில்லை. அந்நிரலுக்குள் இருக்கும் சைன் சார்பை உங்கள் பக்கத்து இருக்கை மாணவியும் தம் விளையாட்டில் தடையின்றி எழுதிக்கொள்ளலாம்.