தட்டும் அளவுகோலும்

ஒரு பிள்ளை ஏழையா என்பதை அதன் மதிய உணவுத் தட்டைக் கொண்டு அறிய முடியுமா? அமெரிக்கக் கல்வியுலகம் பல பத்தாண்டுகளாக அப்படித்தான் அறிந்துவந்தது. 1946-இல் அங்கு தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டம் பிறந்தது. இன்றைய விதிப்படி, குடும்ப வருமானம் கூட்டரசின் வறுமை வரம்பில் 130 விழுக்காட்டைத் தாண்டாவிட்டால் உணவு இலவசம்; 185 விழுக்காட்டுக்குள் இருந்தால் சலுகை விலை. சோறிட வகுத்த இவ்வரம்பே, எளிதில் கிடைத்த காரணத்தால், ஆய்வாளர் கையில் வறுமையின் அளவுகோலாயிற்று. மதிப்பெண்களை ஒப்பிடவும், நிதியைப் பங்கிடவும் இதுவே பயன்பட்டது.

ஆனால் இந்த எண்ணிக்கை பெரிதும் விண்ணப்பத்தை நம்பியது. வள்ளுவர் ‘இரவு’ அதிகாரத்தை அடுத்தே ‘இரவச்சம்’ வைத்தார். கேட்பதற்கு அஞ்சும் மனத்தை எந்தப் படிவம் எண்ணும்? வளர்ந்த பிள்ளைகள் தோழர் முன்னிலையில் இலவச உணவு பெறக் கூசுவார்கள். உயர்நிலைப் பள்ளிகளில் எண்ணிக்கை குறையும், வறுமை குறைந்திராது.

2010-இல் வந்த சட்டம் இக்கூச்சத்துக்கு ஒரு வழி கண்டது. உணவு உதவித் திட்டம் போன்றவற்றின் வழியே அடையாளம் காணப்பட்ட பிள்ளைகள் 40 விழுக்காடு இருந்தால், படிவமின்றிப் பள்ளி முழுவதற்கும் இலவசமாக உணவளிக்கலாம். 2014 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த இவ்வரம்பு 2023-இல் 25 விழுக்காடாகத் தளர்ந்தது. விளைவாக, இத்தகைய பள்ளிகள் பலவும் புள்ளிவிவரத்தில் நூற்றுக்கு நூறு ஏழைகளாயின. வசதியுள்ள பிள்ளையும் இல்லாத பிள்ளையும் ஒரே கணக்கில் கலந்தனர். அளவுகோல் உடைந்தது என்று ஆய்வாளர்கள் கவலைப்படுகிறார்கள்.

அக்கவலை பொய்யன்று. ஏழைப் பள்ளி எதுவென்று தெரியாவிட்டால் அதற்குரிய நிதி வேறெங்கோ போய்விடும். உதவித் திட்டப் பட்டியலை மட்டும் நம்பினாலோ, அதில் பெயர் கொடுக்க அஞ்சும் புலம்பெயர்ந்தோர் வீட்டுப் பிள்ளைகள் விடுபடுவார்கள்.

ஆயினும், எண்ணுவதற்காகப் படிவத்தை மீண்டும் பிள்ளையின் கையில் திணிப்பது அறமாகாது. வறுமையை அளப்பது அரசின் கடமை. வருமான வரிப் பதிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எனப் பல ஏடுகள் அதனிடம் உள்ளன. அவற்றைச் சேர்த்துப் பார்க்கும் உழைப்பை அதுவே ஏற்கட்டும். தட்டின் வேலை பசி தீர்ப்பது. அவ்வேலையைச் செவ்வனே செய்ததால் ஓர் அளவுகோல் முறிந்ததென்றால், வேறு கோல் தேடுவோம். தட்டைப் பிடுங்க வேண்டாம்.