கையில் உருகும் உலோகம்

சேவூர் வட்டாரத்தில் நைட் ஷிப்டு பார்க்கும் தோழரின் தலைக்கு மேலே எரிகிறதே வெள்ளை எல்.இ.டி. விளக்கு, அதற்கு ஒளி கொடுப்பது காலியம் என்னும் உலோகத்தின் கூட்டுப்பொருள். கடலைக்காய்க் காட்டில் கூலிக்கு நிற்கும் தோழரின் மடியிலுள்ள செல்போனிலும் அது இருக்கிறது. தினமும் உபயோகிக்கிறோம், பெயரைக் கேட்டதில்லை.

விசித்திரமான உலோகம் இது. இரும்பை உருக்க 1,500 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். காலியத்துக்கு 30 டிகிரியே போதும். உள்ளங்கையில் வைத்தால் உருகும். நமது சித்திரை வெயிலில் கை படாமலே உருகிவிடும். ஆனால் அதைக் கொதிக்க வைக்க 2,000 டிகிரியும் போதாது! உறையும்போது பனிக்கட்டியைப் போல் விரியும். கண்ணாடிப் புட்டியில் உறைந்தால் புட்டி உடையும். அலுமினியத்தின் மேல் பட்டாலோ உள்ளே ஊடுருவி அதை நொறுங்க வைக்கும்.

இப்படி ஓர் உலோகம் இருந்தாக வேண்டும் என்று 1871-ல் ருஷ்ய விஞ்ஞானி மெண்டலீவ் கணக்கிட்டுச் சொன்னார். 1875-ல் பிரெஞ்சு விஞ்ஞானி புவாபோத்ரான் அதைக் கண்டுபிடித்தார்.

காலியமும் நைட்ரஜனும் சேர்ந்த பொருளிலிருந்துதான் நீல ஒளி பிறந்தது. அதிலிருந்து வெள்ளை விளக்கு வந்தது. இதற்காக மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்களில் ஒருவரான நாகமுரா, ஜப்பானியக் கம்பெனி ஒன்றில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். உலகத்துக்கே வெளிச்சம் தந்த கண்டுபிடிப்புக்குக் கம்பெனி அவருக்குக் கொடுத்த சன்மானம் 20,000 யென்! அவர் வழக்குத் தொடுத்தார். 2005-ல் சுமார் 84 கோடி யென்னுக்குச் சமரசம் ஏற்பட்டது. மூளையால் உழைத்தாலும் கையால் உழைத்தாலும் கேட்காமல் பங்கு வருவதில்லை.

காலியத்துக்கென்று தனிச் சுரங்கம் தோண்டுவதில்லை. அலுமினியம் எடுக்கும் பாக்ஸைட் மண்ணில், டன்னுக்குச் சுமார் 50 கிராம் அளவில் அது கலந்திருக்கிறது. நமது ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்ஸைட் மேட்டூர் ஆலைக்குப் போயிற்று. மக்கள் பணத்தில் நடக்கும் காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார் காலியத்தைப் பிரித்தெடுக்கும் முறையை ஆராய்ந்தனர். மேட்டூரில் காலியம் எடுக்கப்பட்டும் வந்தது. 2008-ல் அங்கே அலுமினிய உற்பத்தி நின்றது. அதோடு அந்த வழியும் அடைந்தது.

இன்று உலகின் காலியத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சீனாவில் உற்பத்தியாகிறது. 2023 ஆகஸ்டில் அந்த நாடு ஏற்றுமதிக்கு லைசென்ஸ் முறை கொண்டுவந்ததும் பல நாட்டுத் தொழில்கள் கலங்கின. அதே ஆண்டு இந்திய சர்க்கார் வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் காலியமும் இடம்பெற்றது. பட்டியலில் எழுதினால் உலோகம் கிடைத்துவிடுமா?

புதிதாக ஒரு மலையையும் வெட்டச் சொல்லவில்லை நாம். ஏற்கனவே வெட்டப்படும் பாக்ஸைட்டிலிருந்து, கழிவோடு போகும் காலியத்தை மீட்க வேண்டும். ஒரிஸாவில் தாமன்ஜோடியிலுள்ள பொதுத்துறை நால்கோ ஆலை இதற்கு முன்கை எடுக்கட்டும். தனியார் ஆலைகளையும் சர்க்கார் கட்டாயப்படுத்தட்டும். காரைக்குடி விஞ்ஞானிகளின் அறிவு பீரோவில் தூங்க வேண்டாம்.

மண் மக்களுடையது, அறிவும் மக்கள் பணத்தில் வளர்ந்தது. அதன் பலனும் மக்களுக்கே வந்து சேர வேண்டும்.