ரீல்ஸில் பார்த்த 'ஹீல் அண்ட் டோ'வை ஊட்டி மலைப்பாதையில் செய்யலாமா?

இன்ஸ்டாகிராமில் கார் வீடியோ பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகப் பழகியிருக்கும். மூன்று பெடல்களும் தெரிகிற மாதிரி கேமரா கீழே இருக்கும். ஓட்டுபவரின் வலது கால் பிரேக்கை மிதித்தபடியே பக்கவாட்டில் சாய்ந்து ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்டும். 'வ்ரூம்' என்று ஒரு சத்தம். கியர் நான்கிலிருந்து மூன்றுக்கு இறங்கும், கார் துளிகூடக் குலுங்காது. இதுதான் 'ஹீல் அண்ட் டோ'. முதல் கார் வாங்கிய கையோடு இதைப் பழகிவிடணும் என்று ஆசைப்படுகிறவர்கள் நிறைய பேர். ஆசையில் தப்பில்லை. பழகுகிற இடமும் வரிசையும்தான் பெரும்பாலும் தப்பாக இருக்கிறது.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மூன்றாவது கியரில் ஒரு கார் 2,500 ஆர்.பி.எம்.மில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே வேகத்தில் இரண்டாவது கியர் போட்டால் இன்ஜின் சுமார் 3,700 ஆர்.பி.எம்.மில் சுற்றியாக வேண்டும். பல சின்ன கார்களின் கியர் கணக்கு ஏறத்தாழ இப்படித்தான். ஆனால் கிளட்சை மிதித்து கியர் மாற்றுகிற நேரத்தில் ஆக்சிலேட்டரில் கால் இல்லை. இன்ஜின் வேகம் கூடுவதற்குப் பதில் குறைந்துகொண்டே போகும். அப்போது கிளட்சைப் பட்டென்று விட்டால், சக்கரங்கள்தான் இன்ஜினை இழுத்துச் சுற்ற வைக்க வேண்டும். கார் மூக்கைக் குத்திக் குலுங்குவது இதனால்தான். காய்ந்த ரோட்டில் கிளட்ச் தேய்வதோடு போகும். மழை பெய்து ரோடு வழுக்கும்போது வளைவில் இதைச் செய்தால் கதை வேறு. நம்ம ஊர் சின்ன கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரத்தில் இயங்குபவை. திருப்ப வேண்டிய அதே சக்கரங்கள் ஒரு கணம் பிடிமானம் இழக்கும், ஸ்டீயரிங் திருப்பியும் கார் நேராகப் போகப் பார்க்கும்.

'அதான் கியர்பாக்ஸில் சின்க்ரோமெஷ் இருக்கே?' என்று கேட்கலாம். 1928இல் காடிலாக் கார்களில் அறிமுகமான அந்த ஏற்பாடு, கியர்களை உரசல் இல்லாமல் சேர்த்துவைக்கும். இன்ஜின் வேகத்தைச் சரிசெய்வது அதன் வேலை இல்லை. அது ஓட்டுபவரின் வேலை. கிளட்ச் மிதித்திருக்கும்போதே ஆக்சிலேட்டரை லேசாகத் தட்டி, இன்ஜினைத் தேவையான வேகத்துக்குக் கொண்டுவந்து, பிறகு கிளட்சை விடுவது. இதற்குப் பெயர் ரெவ் மேட்சிங். இதைப் புது வித்தை என்று நினைக்க வேண்டாம். சின்க்ரோமெஷ் இல்லாத பழைய லாரிகளை ஓட்டிய டிரைவர்கள் 'டபுள் கிளட்ச்' போட்டு, காதால் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே இதைச் செய்தார்கள். செய்யாவிட்டால் கியரே விழாது.

அப்படியென்றால் ஹீல் அண்ட் டோ எதற்கு? பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும்போதே ரெவ் மேட்ச் செய்வதற்கு, அவ்வளவுதான். ரேஸில் வளைவுக்கு முன்னால் கடைசி நொடி வரை முழு பிரேக் பிடிப்பார்கள், அதற்குள் இரண்டு மூன்று கியர் இறக்கவும் வேண்டும். காலைத் தூக்க நேரம் கிடையாது. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் இது தேவை. ரோட்டில் உங்களுக்கு நேரம் இருக்கிறது. வளைவு தூரத்திலேயே தெரிகிறது. முதலில் பிரேக், வேகம் குறைந்ததும் கால் மாற்றி ஒரு தட்டு, கியர் இறக்கம், பிறகு வளைவு. ரோட்டில் அதற்கும் நேரமில்லை என்கிற வேகத்தில் ஒருவர் வந்தால், பிரச்சினை அவர் கால் வித்தையில் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. ரேஸ் டிரைவர் பிரேக்கை ஆழமாக மிதிப்பதால் அது ஆக்சிலேட்டர் உயரத்துக்கு வந்துவிடும், கால் சுலபமாக எட்டும். சாதாரணமாக ஓட்டும்போது நாம் பிரேக்கை அவ்வளவு அழுத்துவதில்லை. பெடல் மேலேயே நிற்கும், ஆக்சிலேட்டர் கீழே இருக்கும். எட்டித் தட்டப் போனால் பிரேக் அழுத்தம் கூடிக் குறையும், பின்னால் வருகிறவர் குழம்புவார். மேலும், எலெக்ட்ரானிக் ஆக்சிலேட்டர் உள்ள பல கார்களில் பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் சேர்த்து மிதித்தால், கம்ப்யூட்டர் இன்ஜினை அடக்கிவிடும். பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடு அது. இந்த லட்சணத்தில் செருப்புக் கால் வேறு!

இறக்கத்தில்தான் விஷயம்

ரெவ் மேட்சிங் நிஜமாகவே உதவும் இடம் மலை இறக்கம். ஆட்களோடு சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால், அதில் வெளியேற வேண்டிய ஆற்றல் சுமார் 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. காற்றும் டயர் உராய்வும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதி முழுக்க பிரேக்குக்கே போனால், பேடு சூடாகிப் பிடிப்பு குறையும், அளவு மீறினால் பிரேக் ஆயில் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையில் 70. தாழ்ந்த கியரில் இறங்கச் சொல்லிப் பலகை வைப்பது சும்மா இல்லை.

ஆனாலும் 'நியூட்ரல்ல இறக்குனா பெட்ரோல் மிச்சம்' என்கிற நம்பிக்கை இன்னும் சாகவில்லை. கார்புரேட்டர் காலத்தோடு போயிருக்க வேண்டிய பேச்சு அது. இன்றைய இன்ஜெக்ஷன் கார்களில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டு இறங்கினால், பெட்ரோல் செல்வதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்க எண்ணெய் செலவாகும். மிச்சமும் இல்லை, இன்ஜின் பிரேக்கிங்கும் இல்லை. கிளட்சை மிதித்துக்கொண்டே இறங்குவதும் இதே கணக்குதான். பிரேக் போட்டாலே கிளட்சும் மிதிக்கணும் என்று டிரைவிங் ஸ்கூலில் ஒட்டிக்கொண்ட பழக்கம், சமவெளியில் தெரியாது, மலையில் தெரியும்.

பழக நினைப்பவர்கள் நேரான, காலியான ரோட்டில், 40 கி.மீ. வேகத்தில், நான்கிலிருந்து மூன்றுக்கு இறக்கிப் பார்ப்பதில் தொடங்கலாம். பிரேக்கே வேண்டாம். கிளட்ச், கியர், ஒரு தட்டு, கிளட்சை விடுதல். கார் முன்னால் குத்தினால் தட்டியது போதவில்லை, முன்னால் எகிறினால் அதிகம். சில வாரங்களில் கால் தானாகக் கற்றுக்கொள்ளும். ஒரே ஒரு எச்சரிக்கை: அவசரத்தில் ஐந்திலிருந்து நான்குக்குப் பதில் இரண்டில் போட்டுவிட்டால், இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரெவ் லிமிட்டரால்கூடக் காப்பாற்ற முடியாது. அது பெட்ரோலைத்தான் நிறுத்தும், இன்ஜினைச் சுற்றுவதோ சக்கரம். செலவு இன்ஜின் வரை போகும்.

இதெல்லாம் கைவந்த பிறகும் ஆசை விடவில்லை என்றால் டிராக்கில் ஹீல் அண்ட் டோ பழகலாம், நன்றாகவே இருக்கும். ஏ.எம்.டி. கார் வைத்திருப்பவர்களுக்குக் காலில் வேலையே இல்லை. இறக்கம் தொடங்கும் முன் லிவரை மேனுவலுக்குத் தள்ளி இரண்டாவது கியரில் வைத்தால் போதும். ஆனால் அந்த மேனுவல் மோடை வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூடத் தொடாதவர்கள்தான் அதிகம்.