கோணல் நிமிர்த்தல்



பொங்கல் விழாவிலே நம் சங்கச் சிறுவர் நடிக்கவிருந்த ஏகலைவன் நாடகத்திற்கு அம்புகள் வேண்டியிருந்தன. வீட்டிலேயே செய்துகொள்வதென்று முடிவாயிற்று. பத்து வயதுடைய நம் மகன் சுண்டுவிரற் பருமனுள்ள பச்சைக் குச்சிகளைத் திரட்டிப் பட்டை சீவி வெயிலில் பரப்பினான். பாலக்காட்டுக் கணவாயின் மார்கழிக் காற்று எத்துணை வறண்டது என்பதை வாளையாறு, கஞ்சிக்கோட்டுப் பக்கத்து அன்பர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. சில நாட்களில் குச்சிகள் யாவும் வளைந்துபோயின. "இதென்ன கோணல்!" என்று ஒன்றை எடுத்து முழங்காலில் வைத்து அழுத்தினோம், மளுக்கென்று ஒடிந்தது. பையன் வாய் திறக்கவில்லை.

அதற்கு வேறொரு காரணமும் உண்டு. மலையாளப் பாடத்தில் அவன் தேறவில்லை என்ற செய்தி முதல்நாள்தான் வந்திருந்தது. நமக்கு மாற்றலாகி வந்த இவ்வாண்டிலேதான் அவ்வெழுத்துக்களை அவன் முதன்முதலாகக் கண்டான். அதை எண்ணிப் பாராமல் அன்றிரவு நாம் அவனிடம் கூறிய சொற்கள் இங்கே எழுதத்தக்கன அல்ல.

அடுத்த வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற இருப்புப்பாதை மேஸ்திரி. தண்டவாளத்தருகே குனிந்து, ஒரு கண்ணால் நெடுக நோக்கிக் கோணல் காண்பதிலேயே வாழ்நாளைக் கழித்தவர். இளமையில் வயநாட்டிலே குறிச்சியர் அம்பு செய்வதை அருகிருந்து கண்டவருங்கூட. 1802-ஆம் ஆண்டில் எடச்சேன குங்கனும் தலக்கல் சந்துவும் நடத்திச் சென்று, பனமரத்தில் கும்பினியார் படையை வென்ற விற்படை அக்குறிச்சியருடையதே.

"தம்பி, குளிர்ந்த கட்டையை மடக்கினால் ஒடியாமல் என்ன செய்யும்?" என்று கேட்டவர், கரியடுப்பைக் கொண்டுவரச் சொன்னார்.

முதலில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கோலை மெல்ல உருட்டியவாறே முனையிலிருந்து முனைவரை நோக்கினார். வளைவின் உச்சி எதுவோ அங்கே கரியாற் குறியிட்டார். அவ்விடத்தில் சிறிது எண்ணெய் தடவி, சுவாலையில்லாத தணலுக்கு நான்கு விரல் உயரத்தில் ஓயாது திருப்பிக் காட்டினார். தொடமுடியாத அளவு சூடேறியதும், துணி சுற்றிய கட்டைவிரலை உச்சியில் ஊன்றி, எதிர்ப்புறமாக மெதுவாக அழுத்தினார். நேர்நிலைக்கு இம்மியளவு அப்பாற் செல்லவிட்டு, சூடு ஆறும்வரை கையை எடுக்காமல் பிடித்திருந்தார். பெரிய வளைவு முதலில், சிறிய நெளிவு பின்னர், இதுவே முறை. மரம் கறுத்துவிட்டால் அது கருகியதாகும். பின்னர் எளிதில் முறியும்.

இவ்வாறு நிமிர்வதன் காரணம் மரத்தின் அமைப்பிலேயே உள்ளது. மரத்தின் நார்களைப் பிணைத்து நிற்பது லிக்னின் என்னும் பொருள். ஈரமும் வெப்பமும் சேரும்போது அது இளகும். ஆறும்போது மீண்டும் இறுகும். இளகிய நேரத்தில் கொடுத்த வடிவமே இறுகிய பின்னும் நிற்கும்.

இஃது இன்று நேற்றுக் கண்ட நுட்பமன்று. பௌத்தரின் மகாஜனக ஜாதகக் கதையில் அம்பு செய்வோன் ஒருவன் வருகின்றான். அவன் கோலைத் தணலிற் காய்ச்சி, புளித்த கஞ்சியால் நனைத்து, ஒரு கண்ணை மூடி நோக்கி நிமிர்த்துகின்றான். ஒரு கண்ணை மூடுவது ஏனென்று வினவியபோது, இரு கண்ணாலும் பார்த்தால் பார்வை பரந்துவிடும், கோணல் புலப்படாது என்கின்றான். நம் மேஸ்திரியார் அக்கதையைக் கேட்டவரல்லர். தண்டவாளமே அவருக்கு அதைக் கற்பித்தது.

மறுநாட் காலையில் கோல்களுள் இரண்டு மீண்டும் சற்றே வளைந்திருந்தன. நாம் முகம் சுளித்தோம். பெரியவரோ, "மரத்துக்குப் பழைய நினைப்பு உடனே போகாது, தம்பி, இன்னொரு தரம் காட்டுவோம்" என்று அடுப்பை மூட்டினார். பையன் அவரருகே அமர்ந்து, அவரைப் போலவே ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.

அன்று மாலை அவனுடைய மலையாளப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நாமும் அருகே அமர்ந்தோம். நிலையப் பலகைகளில் நாள்தோறும் கண்டு பழகிய எழுத்துக்களை ஒவ்வொன்றாக அவனுக்குக் காட்டினோம். அடுத்த தேர்வில் அவன் தேறுவானா என்பதை இன்று சொல்வதற்கில்லை. ஆனால் தெரியாத எழுத்தைக் கண்டால் இப்பொழுது அவன் நம்மிடம் கேட்கின்றான், முன்பு கேட்டதில்லை.

அம்பு செய்ய விரும்பும் சிறுவர் உள்ள வீட்டார்க்குச் சில சொற்கள். பச்சைக் குச்சிகளை வெயிலிலிடாமல், இறுகக் கட்டி நிழலில் உலர்த்துக. மூணாறு, பீர்மேட்டு மலைத்தோட்டங்களில் வாழ்வோர், மழையும் மூடுபனியும் கோலினுட் புகாதவாறு எண்ணெயோ மெழுகோ பூசி வைக்க. முனையிலே துணி சுற்றி மழுங்கச் செய்க. குறி வைப்பது வைக்கோற் பொதியாகவே இருக்கட்டும். வன உயிரினங்களை வேட்டையாடுவதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துள்ளது. தணலருகே பெரியவர் ஒருவர் உடனிருப்பது இன்றியமையாதது.

ஒடிந்த அந்த ஒரு கோலை நாம் எறியவில்லை. அது நம் மேசைமேல் இருக்கின்றது.