பத்து மில்லிமீட்டருக்கு இத்தனை டாலரா?

ஃபோர்டு மஸ்டாங் ஜிடி வாங்கும் அமெரிக்க இளைஞர்கள் காரில் சீக்கிரமே கை வைக்கும் பாகங்களில் ஒன்று த்ராட்டில் பாடி. ஏர் ஃபில்டரைத் தாண்டி வரும் காற்று இன்ஜினுக்குள் நுழையும் வாசல் அது. அலுமினிய வார்ப்பு, நடுவே ஒரு தண்டு, தண்டில் ஒரு வட்டத் தகடு. ஆக்சிலரேட்டரை மிதித்தால் தகடு திரும்பி வழி விடும். 2011 மாடலில் 5.0 லிட்டர் வி8 இன்ஜினோடு வந்த மஸ்டாங்கில் இந்த வாசலின் விட்டம் 80 மில்லிமீட்டர். வெளிச்சந்தையில் 90 மில்லிமீட்டரில் கிடைக்கிறது. காற்றுக்குழாயைக் கழற்றி, ஒயர் கப்ளரை உருவி, நான்கு போல்ட்டைத் திருகி எடுத்து, புது கேஸ்கெட் வைத்து மாட்டினால் ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். விலை சில நூறு டாலர். இவ்வளவு சுலபமாக இருப்பதால்தான் இது விற்கிறது. ஆனால் மற்றதெல்லாம் கம்பெனியில் வந்தபடியே இருக்கும் காருக்கு இது வீண் செலவு. அதைக் காட்டப் பள்ளிக்கூடக் கணக்கே போதும்.

விட்டம் 80இலிருந்து 90 ஆனால் வாசலின் பரப்பு ஏறக்குறைய 27 சதவீதம் கூடுகிறது. வாங்குபவரை மயக்குவது இந்த எண்தான். ஆனால் வாசல் அகலமானதற்காக இன்ஜின் கூடுதலாக மூச்சு இழுக்காது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் கொள்ளளவுக்கு நிரம்பும். 5 லிட்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 7,000 சுற்று சுற்றினால் அதற்குத் தேவை 17,500 லிட்டர் காற்று, அதாவது நொடிக்கு 290 லிட்டர் சொச்சம். இது 80 மில்லிமீட்டர் வாசலில் நொடிக்கு 58 மீட்டர் வேகத்தில் நுழையும். 90 மில்லிமீட்டரில் 46 மீட்டர். முதல் வேகத்தை எட்டக் காற்று செலவழிக்கும் அழுத்தம் சுமார் 2 கிலோ பாஸ்கல், இரண்டாவதற்கு 1.3. அவ்வளவும் அப்படியே நஷ்டம் என்று வைத்துக்கொண்டாலும் மிச்சமாவது ஒரு கிலோ பாஸ்கலுக்கும் குறைவு. வெளிக்காற்றின் அழுத்தமோ 101 கிலோ பாஸ்கல். தகடும் தண்டும் வழியில் நிற்பதால் கணக்கு கொஞ்சம் முன்பின் ஆகலாம். ஆனாலும் 412 குதிரைத்திறன் கொண்ட இன்ஜினுக்கு இதில் கிடைப்பது மூன்றோ நான்கோதான். அதுவும் பெடலைத் தரையோடு மிதித்து 7,000 சுற்றை நெருங்கும் அந்தச் சில விநாடிகளுக்கு மட்டும். ஒரே காரை, சக்தியை அளக்கும் இயந்திரமான ஒரே டைனோவில் இரண்டு முறை ஓட்டினாலே அந்த அளவு வித்தியாசம் வந்துபோகும்.

மாட்டியவர்கள் பலர் கார் சுறுசுறுப்பாகிவிட்டது என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பெரிய தகடு அதே கோணம் திரும்பும்போது அதிக இடைவெளி விடுகிறது. அதனால் கால்வாசி மிதித்தாலே முன்பைவிடக் கூடுதலாகக் காற்று போகிறது, கார் துள்ளுகிறது. முழுக்க மிதித்தால் கிடைக்கும் சக்தி ஏறக்குறைய பழையபடிதான்; முன்பு கொஞ்சம் ஆழ மிதித்துப் பெற்றதை இப்போது மேலாக மிதித்தே பெறுகிறார்கள். இந்தத் துள்ளல்தான் வேண்டுமென்றால் எலக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள காரில் பெடல் அமைப்பை மென்பொருளில் மாற்றினாலே போதும், ஒரு போல்ட்டையும் தொட வேண்டாம். பெரிய பாகத்தை மாட்டினாலும் கடைசியில் அந்த மென்பொருளிடம்தான் போய் நிற்க வேண்டும். எந்தக் கோணத்தில் எவ்வளவு காற்று போகும் என்ற பட்டியல் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவில் பதிந்திருக்கிறது. பாகம் மாறினால் பட்டியல் பொய்யாகிவிடும். சிக்னலில் நிற்கும்போது ஐடில் ஏறி இறங்கும். எச்சரிக்கை விளக்கு எரியும். சில நேரம் பழுது என்று முடிவு கட்டி இசியுவே சக்தியைக் குறைத்துவிடும். சரிசெய்ய ட்யூனிங் செலவு தனி.

ஃபோர்டே மஸ்டாங்கின் ஜிடி350 மாடலில் 87 மில்லிமீட்டர் வைத்ததே என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் அந்த 5.2 லிட்டர் இன்ஜின் 8,250 சுற்று வரை போகும். அதே கணக்கைப் போட்டால் அந்த வாசலிலும் காற்றின் வேகம் நொடிக்கு 60 மீட்டர்தான் வருகிறது. இன்ஜினின் தேவை எவ்வளவு கூடியதோ அவ்வளவுக்குத்தான் வாசல் பெரிதாகியிருக்கிறது. காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் சூப்பர்சார்ஜரைப் பொருத்தியவர்களின் வாதம் இதைவிட வலுவானது, அதை நான் ஏற்கிறேன். அங்கே த்ராட்டில் பாடி பெரும்பாலும் சூப்பர்சார்ஜருக்கு முன்னால் இருக்கும். உள்ளே போகும் காற்று 1.6 மடங்கானால் வாசலில் ஏற்படும் இழப்பு இரண்டரை மடங்காகும்; அந்த இழப்பைச் சூப்பர்சார்ஜர் மேலும் பெருக்கியும் காட்டும். அவர்களுக்கு இது அவசியமான பாகம். கேம்ஷாஃப்ட்டை மாற்றி இன்ஜினின் சுற்றை உயர்த்தியவர்களுக்கும் அப்படியே.

என் கார், என் காசு, உனக்கென்ன என்பவர்களும் உண்டு. காசு அவர்களுடையதுதான், புகை எல்லோருக்குமானது. கலிபோர்னியாவில் சாலையில் ஓடும் காரில் இப்படிப்பட்ட பாகம் மாட்ட வேண்டுமானால், அது புகையைக் கூட்டாது என்று மாநிலக் காற்று வாரியம் கொடுத்த உத்தரவு எண் அந்தப் பாகத்துக்கு இருக்க வேண்டும். விலையைப் பார்க்குமுன் அந்த எண் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

விற்பவர்கள் காட்டும் டைனோ தாள்களில் த்ராட்டில் பாடியோடு புதிய காற்றுக்குழாயும் புதிய ட்யூனும் சேர்ந்திருப்பது சகஜம். எது எவ்வளவு கொடுத்தது என்று அதில் பிரித்துப் பார்க்க வழியில்லை. அதனால் பணத்தை எடுக்குமுன் இதைக் கேளுங்கள்: வேறெதையும் மாற்றாமல், த்ராட்டில் பாடியை மட்டும் மாற்றி, ஒரே நாளில், ஒரே டைனோவில் எடுத்த இரண்டு தாள்கள். அவற்றைக் காட்ட மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.